செவ்வாய்க்கிழமை டிக்கெட்

போன மாதம் என் அக்காள் மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடியே சென்னைக்கு டிக்கெட் வாங்கினாள். கைப்பேசியில் கட்டை விரலால் நாலு தட்டு, அவ்வளவுதான். "சித்தி, ரொம்ப சீப் லா!" என்று கத்தினாள். விலையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் அவள் வெளியே தின்று தீர்க்கும் காசு அது. ஐந்து நிமிடம் கழித்து அதே வாயால் அந்தக் கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தாள். பைக்குத் தனிக் காசாம், சன்னல் சீட்டுக்குத் தனிக் காசாம், தண்ணீருக்கும் காசாம். "மூச்சு விடுறதுக்கும் கேப்பான், குடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

இதை எங்கள் பழைய டிக்கெட்டிங் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காலை வணக்கம் பூப்படம் அனுப்புவதைத் தவிர வேறு வேலை இல்லாத கூட்டம் அது. உடனே ஆளாளுக்கு, "சரோஜாக்கா, அந்தக் காலத்து விலைச் சண்டையை எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வரும், பரவாயில்லை. இந்த வயசில் யார் என்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்?

எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் ஒரு பயண ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். ஏர்கோன் குளிர் இரண்டாவது. இரண்டு வருடத்தில் கட்டணப் புத்தகத்தைப் புரட்டவும் ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகளை ஒப்பிக்கவும் கற்றுக்கொண்டேன். டிக்கெட் எழுதிக்கொண்டிருந்த பெண் கல்யாணம் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட, அவள் நாற்காலி எனக்கு வந்தது. பயிற்சி என்று இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மேனேஜர் மிஸ்டர் கந்தையா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் அப்பா சுத்தியல் பிடித்த அதே ரயில்வேயில் அவர் அப்பா பேனா பிடித்தவர். கந்தையாவும் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றையும் யாருக்கும் தரமாட்டார்.

டிக்கெட் என்பது அப்போது ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளின் முதுகிலும் சிவப்புக் கார்பன். முதல் தாளில் எழுதுவது கடைசித் தாள் வரை விழவேண்டும் என்பதால் பேனாவை அமுக்கி எழுதவேண்டும். சாயங்காலம் விரலெல்லாம் குங்குமம் அள்ளின மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் புத்தகம் செல்லாது, குறுக்கே கோடு போட்டு கந்தையாவின் மேசைக்குக் கொண்டுபோகவேண்டும். அவர் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்.

"உதென்ன பிள்ளை?"

"தேதி மாறிப்போச்சு சார்."

"தானா மாறினதோ, நீர் மாத்தினீரோ?"

"நான்தான் சார்."

"அப்ப அப்பிடிச் சொல்லும்."

இதற்கு அந்த மனுசன் நாலு வார்த்தை கத்தித் தொலைத்திருக்கலாம்.

அந்த நாளில் கோலாலம்பூரிலிருந்து மெட்ராசுக்கு நேராகப் பறக்க இரண்டே கம்பெனிகள். ஒன்று நம் மலேசியாவுடையது, ஒன்று இந்தியாவுடையது. இரண்டும் உட்கார்ந்து பேசி ஒரே விலை வைத்துக்கொண்டன. சம்பந்திகள் மாதிரி அவ்வளவு ஒற்றுமை. எங்கே போய்க் கேட்டாலும் அதே விலைதான், ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் கூடக் குறையாது. போட்டியெல்லாம் இலவசக் காலண்டரில்தான். ஒருவன் தோள்பை கொடுத்தால் மற்றவன் குடை கொடுப்பான். டாக்டர், லாயர், புடவைக் கடை முதலாளி, இவர்கள்தான் பறந்தார்கள். ரப்பர் தோட்டத்து ஆட்களும் பேக்டரி ஆட்களும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். கப்பலும் நின்றுபோனபின் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, நான் உட்பட.

எண்பதுகளில் மூன்றாவதாக ஒரு கம்பெனி உள்ளே வந்தது. வேறு ஏதோ நாட்டுக்காரன். அவன் விமானம் கோலாலம்பூரைத் தொட்டுக்கொண்டு மெட்ராஸ் வழியாக இன்னும் மேற்கே போகும். காலியாகக் கிடந்த சீட்டுகளை இங்கே விற்க அனுமதி வாங்கிவிட்டான். நாங்கள் அவனுக்குப் பெயரே சொல்வதில்லை, 'மூணாவது' என்போம். மூணாவது வந்த அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து.

விலையை வெளிப்படையாகக் குறைக்கக்கூடாது என்று விமானக் கம்பெனிகளின் சங்கத்தில் சட்டம். ஆகவே டிக்கெட்டில் முழு விலையை எழுதுவோம், வாயால் வேறு விலை சொல்லுவோம். கம்பெனிக்காரன் எங்களுக்கு ரகசியமாகக் கழிவு, அதாவது கூடுதல் கமிஷன், கொடுப்பான், அதில் பெரும் பங்கைப் பயணிக்கு விட்டுவிடுவோம். மூணாவது இப்படி இறக்கியதும் மற்ற இரண்டு சம்பந்திகளும் பதறிப்போய் அவர்களும் ரகசியமாக இறக்கினார்கள். காலையில் ஒரு விலை, சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒரு விலை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அது.

சங்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர்கள் மாறுவேடத்தில் வருவார்கள். ஒரு தடவை ஒரு ஆள் கசங்கின சட்டையும் கையில் பிளாஸ்டிக் பையுமாகத் தோட்டத்துக்காரன் போல வந்து உட்கார்ந்தான்.

"மெட்ராசுக்கு எவ்வளவு சிஸ்டர்?"

முழு விலையைச் சொன்னேன்.

"ஓகே. ரசீதுல டிஸ்கவுண்ட் எவ்வளவுன்னு தனியா எழுதித் தருவீங்களா?"

அடப்பாவி! எங்கள் ஆள் எவனாவது முதல் விலையைக் கேட்டு ஓகே என்பானா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து பாதி வாசல் போய், "கடைசியா சொல்லுங்க" என்று திரும்பி வந்தால்தான் அவன் நம்ம ஆள். கந்தையா உள்ளேயிருந்து வந்து அவனுக்கு ஒரு காலண்டரைக் கொடுத்து, "தம்பி, சட்டத்துக்கு மாறா ஒண்டும் இஞ்ச நடக்காது" என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என்னிடம், "சப்பாத்தைப் பாத்தனீரோ? பொலிஷ் போட்டிருந்தவன்" என்றார். சட்டம் பேசுகிற மனுசன், ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கும்.

விலை இறங்கியதும் புது முகங்கள் வந்தார்கள். கிள்ளானிலிருந்தும் காராங்கிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். ஒரு போர்வைக் கட்டை விமானத்துக்குள் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அப்படி வந்தவர்தான் மாரிமுத்து. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரியில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் தம்பியைப் பார்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றார்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்லவேண்டும். மாரிமுத்து கையில் இருந்தது சிவப்பு ஐசி, சிவப்பு நிற அடையாள அட்டை. இந்த நாட்டில் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் குடியுரிமை கிடைக்காதவர்களுக்கு அந்த நிறம். மனைவி பார்வதிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நீலம். சிவப்புக்காரர்கள் வெளியே போனால் திரும்பி வருவதற்கு ஒரு பெர்மிட் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதில் குறித்த தேதிக்குள் திரும்பி வந்துவிடவேண்டும். தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கே, ஆள் அங்கே. அப்படிப் போன குடும்பங்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாரிமுத்து மூன்று வாரம் இருந்துவிட்டு ஒரு வியாழக்கிழமை திரும்பவேண்டும் என்றார். நான் விண்ணப்பச் சீட்டில் வியாழன் என்று எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தேன். மூணாவதுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. செவ்வாயில் இத்தனை பேரை ஏற்றினால் டிக்கெட் எழுதுகிறவருக்கு பாங்காக் போய்வர ஒரு டிக்கெட் இலவசம் என்று அவர்கள் சேல்ஸ்மேன் கேக் டப்பாவும் கையுமாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். எனக்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

"அண்ணே, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைன்னா இருபது வெள்ளி குறையும்."

"அப்படியா தங்கச்சி? அஞ்சு நாள் கூட இருக்கலாம், காசும் மிச்சம். போடுங்க, போடுங்க. பெர்மிட்டு இந்தா இருக்கு, பாத்துக்கிறீங்களா?"

"இருக்குல்ல? போதும்ணே."

நான் பார்க்கவில்லை. கையை நீட்டியிருந்தால் அந்தத் தாள் என் கையில் இருந்திருக்கும். வியாழனை அடித்துவிட்டுச் செவ்வாய் என்று எழுதினேன். மனசுக்குள் பாங்காக்கில் எந்தக் கடையில் முதலில் நுழைவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் போய் நாலாவது வாரம், திங்கட்கிழமை காலை, டெலக்ஸ் மெஷினில் செய்தி வந்தது. மூணாவது இந்தத் தடத்தில் சேவையை உடனடியாக நிறுத்துகிறானாம். மற்ற இருவரும் அவனை விடக் கீழே இறக்கி இறக்கி ஆளை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார்கள். வாசித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? என் பாங்காக் போச்சே! வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. மாரிமுத்து ஞாபகத்துக்கே வரவில்லை.

புதன்கிழமை பார்வதி வந்தார். பேக்டரிக்கு வந்த தந்தியும் பெர்மிட்டின் நகலும் கையில். "பிளேன் இல்லை. கௌண்டர் மூடிவிட்டான். என்ன செய்ய" என்று தந்தி. கீழே மெட்ராசில் அவர் தங்கியிருந்த லாட்ஜின் பெயர். பெர்மிட்டை வாங்கித் தேதியைப் பார்த்தேன். வரும் ஞாயிறு.

"அவரு மொதல்ல வியாழக்கிழமைதானே வரேன்னு சொன்னாரு," என்றார் பார்வதி. "ஏன்க்கா செவ்வாயாச்சு?"

"நீங்க ஒக்காருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

மிச்சம் இருந்த இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டேன். மெட்ராசிலிருந்து வியாழன் நிரம்பிவிட்டது, சனி நிரம்பிவிட்டது, வெள்ளியும் ஞாயிறும் விமானமே கிடையாது. மூணாவது விட்டுப்போன அத்தனை பேரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். விலையைக் கேட்டேன். சண்டை முடிந்த மூன்றாம் நாளே சம்பந்திகள் இரண்டு பேரும் ஒன்றாக விலையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிட்டார்கள்.

கந்தையாவிடம் போனேன். அவர் மாரிமுத்துவின் விண்ணப்பச் சீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"வியாழன் வெட்டியிருக்கு. தானா மாறினதோ பிள்ளை?"

"நான்தான் மாத்துனேன் சார். ஃப்ரீ டிக்கெட்டுக்காக."

விண்ணப்பத்தைக் கீழே வைத்தார். "புது டிக்கெட் உம்மட சம்பளத்திலதான். இஞ்ச காசு கட்டினா டெலக்ஸ் அடிச்சு மெட்ராசில எழுதிக் குடுப்பாங்கள், அது பிரச்சினை இல்லை. சீட்டுக்குத்தான் எங்க போறது?" என்றார். பிறகு அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பயம்.

"சனிக்கிழமை வாற பிளைட்டில என்ர மனுசி இருக்கிறா," என்றார்.

திருமதி கந்தையா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கச்சேரி கேட்க மெட்ராஸ் போயிருந்தார். சங்கத்துச் சட்டத்துக்குப் பயந்து கந்தையா தன் மனைவிக்கு மட்டும் முழு விலை கொடுத்து டிக்கெட் எடுத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் அந்த வருடம் முழு விலை கொடுத்துப் பறந்த ஒரே ஆத்மா அவராகத்தான் இருக்கும். அவர் தங்கியிருந்த வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தோம். மணி அடித்ததும் கந்தையா எடுத்து, "ஹலோ, நான்தான். சுகமோ? இஞ்ச ஒரு சின்ன விசயம்..." என்று இழுத்தார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துகொண்டார். வீரன்!

நான் நடந்ததைச் சொன்னேன், என் தப்பு உட்பட. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த மனுசன் இப்ப எங்க?"

"லாட்ஜுல மேடம். பகல்ல மூடுன கௌண்டர் வாசல்ல போயி நிக்கிறாரு போல."

"பிள்ளையள் எத்தினை?"

"மூணு மேடம்."

"உமக்கு மண்டையில ஏதும் இருக்கோ?"

"இல்ல மேடம்."

"சரி. நான் இறங்கினா என்ர சீட் அந்த ஆளுக்குத்தான் போகும் எண்டு என்ன நிச்சயம்? வரிசையில நிக்கிற வேற ஆருக்கும் குடுத்திட்டால்?"

தலைமை ஆசிரியை என்றால் இதுதான். அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கந்தையா உடனே இன்னொரு போனில் அந்தக் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜரைப் பிடித்தார். முழு விலைப் பயணி ஒருவர் தன் சீட்டை விடுகிறார், அதே நிமிடத்தில் இந்தப் பெயர் ஏறவேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டார், உங்கள் மெட்ராஸ் ஆபீசுக்கு டெலக்ஸ் போடுங்கள் என்றார். அவன் சட்டம் பேசினான். இருபது வருடமாகச் சட்டத்தைத் தவிர வேறொன்றும் பேசாத கந்தையா சொன்னார்: "தம்பி, நீங்கள் மூண்டு பேரும் சண்டை பிடிச்சு, ஒருத்தன் செத்து, இப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்து விலையை ஏத்திப்போட்டு நிக்கிறியள். நடுவில ஒரு குடும்பம் நிக்குது. எனக்கு இப்ப சட்டம் படிப்பிக்காதையும்."

அரை மணியில் டெலக்ஸ் போனது. திருமதி கந்தையா தானே லாட்ஜுக்குப் போய் மாரிமுத்துவை டாக்சியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருக்கிறார். எழுத்தர் அவர் பெயரை வெட்டி மாரிமுத்துவின் பெயரை எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாராம். பிறகு புருசனுக்குத் தந்தி அனுப்பினார்: "இரண்டு கிழமை கழித்து வருவேன். சமைத்துச் சாப்பிடவும்." கந்தையா அந்த இரண்டு வாரமும் வாழையிலைக் கடையில் சாப்பிட்டதை ஊரே பார்த்தது.

சனிக்கிழமை மத்தியானம் சுபாங் விமான நிலையத்தில் பார்வதியோடு நின்றேன். என்னை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. விமானம் இறங்கிவிட்டது என்று அறிவித்தபின் ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் வெளியே வருகிறார்கள், இவர் மட்டும் இல்லை. பார்வதி என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. சாமி, சாமி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிட்டேன்.

கடைசி ஆட்களில் ஒருவராக மாரிமுத்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. பார்வதி ஓடிப்போய் அவர் நெஞ்சில் ரெண்டு குத்து குத்தினார். "ஒன்ன யாரு போகச் சொன்னது? ஒன்ன யாரு போகச் சொன்னது?" என்று அழுதார். மாரிமுத்து பார்வதியைத் தட்டிக்கொடுத்தபடி, "இமிகிரேஷன் ஆபீசர் பெர்மிட்டப் பாக்குறான், காலண்டரப் பாக்குறான், மறுபடி பெர்மிட்டப் பாக்குறான். அப்புறம் 'நசிப் பாய்க்'னு சொல்லிட்டு முத்திரை குத்துனான்" என்றார். அதிர்ஷ்டக்காரன் என்று அந்த ஆபீசர் மலாயில் சொல்லியிருக்கிறான்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். மெட்ராசுல அந்தக் கௌண்டர் வாசல்ல நின்னப்ப இதத்தான் யோசிச்சேன். அந்த இருபது வெள்ளி எனக்கு மிச்சமாகட்டும்னா செவ்வாய்க்கிழமை போட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பார்வதியும் நம்பியிருப்பார்.

"இல்லண்ணே. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒரு ஆள் ஏத்துனா எனக்கு ஒரு ஃப்ரீ டிக்கெட் தரேன்னாங்க. அதுக்குத்தான் மாத்துனேன்."

அவர் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்க போறதுக்கு?"

"பாங்காக்."

"போனீங்களா?"

"இல்லண்ணே. அதுக்குள்ள கம்பெனிய மூடிட்டாங்க."

மாரிமுத்து சிரித்துவிட்டார். சும்மா இல்லை, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பார்வதி, கேட்டியா? இந்தத் தங்கச்சி டிக்கெட்டும் போச்சாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பார்வதியும் சிரித்தார். போகும்போது, "வருத்தப்படாதீங்க, அடுத்த வாட்டி ஒங்ககிட்டத்தான் டிக்கெட் எடுப்பேன்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஏறிய விலை அதன்பின் பல வருடங்கள் இறங்கவில்லை. அவரும் வரவில்லை. அன்றைக்கு அந்த மனுசன் சிரிக்காமல் என்னை ஓர் அறை விட்டிருந்தால், நான் எப்போதோ அவரை மறந்திருப்பேன்.